பட்டப்பகலில் எரிந்த தெருவிளக்கு

அப்போது நான் போடியில் வயர்மேன். மாலையில் தெருவிளக்குகளைப் போடுவதும் விடிந்ததும் அணைப்பதும் என் வேலை. அந்த வேலையை இனி இதுவே செய்துகொள்ளும் என்று சொல்லி, சூப்பர்வைசர் ஒரு இரும்புப் பெட்டியைக் கம்பத்தில் மாட்டினார். உள்ளே கரண்டில் ஓடும் கடிகாரம். அதன் வட்டத் தகடு நாளுக்கு ஒரு சுற்று சுற்றும். தகட்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகள். ஒன்று விளக்கைப் போடும், மற்றது அணைக்கும். வேண்டிய நேரத்துக்கு ஊசியை நகர்த்தி, திருகி இறுக்கிவிட்டால் போதும்.

சில நாள் ஒழுங்காக நடந்தது. பிறகு குரங்கணி மலைப் பக்கம் மழை பிடித்தது; கரண்டு அடிக்கடி போய்ப் போய் வந்தது. ஊர் சாப்பிட்டு முடித்தபிறகுதான் விளக்கு வந்தது. காலையில் வெயில் ஏறியும் அணையவில்லை. போடிமெட்டுக்கு ஜீப்பில் போன பெண்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஊசிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டையும் முந்தைய நேரத்துக்கு நகர்த்திவைத்தேன். அன்று மாலை விளக்கு சரியாக எரிந்தது.

மறுநாள் உச்சிவெயில் சாய்வதற்குள் தெரு முழுக்க விளக்கு.

"அண்ணே, எங்களுக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சா?" என்றார் டீக்கடைக்காரர்.

நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஊசியைத் தொடப் போனபோது டீக்கடை ரேடியோ நின்றது. விளக்குகள் அணைந்தன. பெட்டிக்குள் சுழன்றுகொண்டிருந்த சின்னச் சக்கரமும் நின்றது. நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று கையை இழுத்துக்கொண்டேன். சற்றுப் பொறுத்து ரேடியோ பாடியது. சக்கரமும் விட்ட இடத்திலிருந்து சுற்றியது. அப்படியானால், கரண்டு போன நேரமெல்லாம் இந்தக் கடிகாரத்துக்கு நேரமே ஓடவில்லையா?

அதற்குள் சூப்பர்வைசர் மூச்சிரைக்க வந்தார்.

"ஊசிய நகட்டிவச்சது நான்தான் சார்," என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "காலையில தகடு பிந்தி நின்னுச்சுய்யா. நானும் அதச் சரியான மணிக்குத் திருப்பி வச்சேன்."

இருவரும் தனித்தனியே சரிசெய்து, அந்தி விளக்கை மத்தியானத்துக்குக் கொண்டுவந்திருந்தோம்.

அன்றிலிருந்து பெட்டிச் சாவி என்னிடம் மட்டும். கரண்டு போய் வரும்போதெல்லாம் நான் போய்த் தகட்டைத் திருப்ப வேண்டும். அந்த மழைக்காலத்தில் முன்னைவிட அதிகமாக அலைந்தேன்.

தானாக எரிகிற விளக்குக்கு நீங்கள் எதற்குப் போகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிக் காட்டி விளக்கினேன். பாதியில் எனக்கே குழம்பியது.

"தட்ட வச்சிட்டு வெரசா சாப்பிடுங்க," என்றாள். "சோறு ஆறுது."