பஸ் நிறுத்தம் வரைக்கும்

என் மகளின் கல்யாணத்துக்கு முந்தின நாள் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து வடைக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தேன். ஜீப்பில் வந்த ஓர் அம்மாள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, "ஆத்தா, பொண்ணோட அம்மா எங்க?" என்று கேட்டார். சமையலுக்கு வந்த ஆள் என்று நினைத்துவிட்டார் போல. எனக்குச் சுருக்கென்றது.

"நாந்தேன். மாப்பிள்ளை வீடா? முன்னாடி போயி உக்காருங்க, காப்பி வருது."

"நாங்க பிள்ளைங்க நல ஆபீஸ்லேருந்து வாரோம்மா. ஒங்க பொண்ணுக்குப் பதினேழுதான் ஆகுதாமே?"

போன் போட்டுச் சொன்னது என் மகளேதான். அதுவும் என் செல்போனில்! சாயங்காலமே அவளை ஜீப்பில் ஏற்றிப் புதுக்கோட்டையில் உள்ள விடுதிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். ஊறப்போட்ட உளுந்தை ஊரே வடை சுட்டுத் தின்றது. நல்ல வடை என்றும் சொன்னார்கள்.

நான் என்ன பாவியா? எனக்குத் தலை நரைத்த பிறகு பிறந்த ஒரே பிள்ளை அவள். எட்டு மாசத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா கடலைக் கொல்லையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருஷம் ஆகும் என்று என் தம்பி சொன்னான். அதுவரை நான் இருப்பேனோ மாட்டேனோ என்று நானும் தலையை ஆட்டினேன்.

எங்கள் பக்கம் தாலி அறுத்தவள் நல்ல காரியத்துக்கு முன்னே வந்து நிற்கமாட்டாள். அதையே சொல்லிக்கொண்டு எட்டு மாசமும் பின்வாசல் வழியாகவே போய்வந்தேன். உள்ளதைச் சொன்னால், முன்வாசலில் அவருடைய மொபட் நின்றது. காலையில் மகளை அதில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டு வருவார். அதைப் பார்க்க எனக்குத் திராணியில்லை. வழக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

பிள்ளையைத் திருப்பித் தருவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய குழந்தைகள் நலக்குழு எங்களைக் கூப்பிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர். தம்பி முந்திக்கொண்டான்.

"எங்க அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எதுன்னாலும் எங்கிட்ட கேளுங்க."

"நீங்க வெளிய இருங்க சார். அம்மா பேசட்டும்" என்றார் நடுவில் இருந்த அம்மாள்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பேச வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது, அதுவும் செத்துப்போன மனுஷனை நினைத்து. கருமாதிக்குக்கூட நான் அப்படி அழுததில்லை. அவர்கள் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

பிறகு மகளைக் கூப்பிட்டு, "அம்மாகூடப் போறியா?" என்று கேட்டார்கள்.

"போறேங்க. ஆனா அப்பா போனதுலேருந்து இது வாசப்பக்கமே வரலை. நான் ஸ்கூலுக்குப் போறேனா, வாரேனான்னு பாக்குறதுமில்லை. கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. தினம் காலையில முன்வாசல் வழியா வந்து என்னைய பஸ் ஏத்திவிடணும். அப்புடின்னா வாரேன்."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதேடி."

"நடக்கத் தெரியும்ல?"

மேசைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். கல்யாணம் செய்யமாட்டேன் என்று எழுதிய தாளை நீட்டி, கைநாட்டு வைக்க மைப்பெட்டியையும் தள்ளினார்கள். பெட்டியை ஒதுக்கிவிட்டு என் பேரை எழுத்துக் கூட்டிக் கையெழுத்தாகவே போட்டேன். நேரம் ஆனது, ஆகட்டுமே.

மறுநாள் காலையில் அந்த மொபட்டைத் தாண்டி மகளோடு தெருவில் இறங்கினேன். எதிரே ஒருத்தி காய்கறிக் கூடையோடு வந்தவள், என்னைக் கண்டதும் சகுனம் சரியில்லை என்று நின்று, திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

"இந்தாடி, நாளைக்கும் இதே நேரத்துக்குத்தான் வருவேன். தினம் திரும்பிப் போனீன்னா ஒன் காயி ஆலங்குடி சந்தைக்குப் போய்ச் சேராது" என்றேன்.

மகள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தோம்.