இடது பின்களத்துக்குப் பத்துக்கு மூன்று

ஆரணியில் குறை சொல்கிறவர்களுக்குப் பஞ்சம் இல்லை. பேருந்து நிலையத்தில் இறங்கியதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் அவர்களெல்லாம் இலவசச் சேவை. குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் பெருமை ஏசுதாஸைப் போன்ற சிலருக்குத்தான் வாய்த்திருக்கிறது.

தனசேகரன் பட்டுக் கடையில் அவர் சரக்கு பார்ப்பவர். நெசவாளர் கொண்டுவரும் சேலையை மேசைமேல் விரித்து, புரட்டி, அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, எங்கே ஊடை நூல் தளர்ந்தது, எங்கே கரை கோணிற்று, எந்தப் புட்டாப் பூ காலை நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வயதில் பாதிக்கு மேல் இதிலேயே கழிந்துவிட்டதால் அவரால் எதையும் சும்மா பார்க்க முடியாது. கல்யாண வீட்டில் வாழையிலை போட்டால், அதையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் தெளிப்பார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஆண்டவர் அளித்த பெரும் கொடை கோரமண்டல் எஃப்.சி. என்னும் கால்பந்து அணி. பதின்மூன்று அணிகள் ஆடும் லீகில் பதின்மூன்றாவது இடத்தை அது வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காத்துவந்தது. ஜெயிக்கிற அணியை வைத்துக்கொண்டு ஒரு சரக்கு பார்ப்பவர் என்ன செய்வார்? கைதட்டலாம், அதோடு வேலை முடிந்தது. தோற்கிற அணி வாரம் தவறாமல் வேலை கொடுக்கும். இதற்காக ஏசுதாஸ் மனப்பூர்வமான நன்றியோடு இருந்தார். ஞாயிறு ஆராதனையில் கண்மூடி அவர் நன்றி சொல்லும் காரியங்களில் தற்காப்பு ஆட்டக்காரர்களும் அடக்கம்.

கிறிஸ்துமஸ் கழிந்து லீகுக்கு இடைவேளை விட்டதும் அவர் பாதி ஆண்டு மதிப்பீட்டை வெளியிடுவார். வெளியீடு என்றால், ஆரணி ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீண்ட குரல் பதிவு. இந்த ஆண்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“கோல்கீப்பர். பந்தைப் பிடிக்கிறதவிட வலையிலேர்ந்து எடுக்கிறதுலதான் நல்ல பழக்கம். ஆனா மனுஷன் மொகம் சுளிக்கிறதில்ல. பத்துக்கு அஞ்சு. கேப்டன். கைய காட்டிகினே இருக்காரு, டிராபிக் போலீஸ் மாதிரி. நாலு. நம்ம வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர். முந்தானை மட்டும் ஜோர், விரிச்சா உடம்பே இல்ல. நாலு. நடுக்களம் மூணு பேரு. பாவு நூல் ஒரு பக்கம், ஊடை நூல் ஒரு பக்கம். சேத்து வெச்சு நாலு.”

ஆளுக்கு ஒரு வாக்கியத்தோடு இப்படி நடந்துகொண்டிருந்த நீதி, இடது பின்களத்தில் ஆடும் சார்லியிடம் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டது. முன்னே ஓடினால் திரும்பிவர மறந்துவிடுகிறான். எதிராளி உள்பக்கம் திரும்பினால் தவறான காலை நீட்டுகிறான். கிராஸ் அடித்தால் முதல் ஆளின் முழங்காலில் படுகிறது. த்ரோ போடும்போது யாருக்குப் போடுவது என்று மேற்கூரையைக் கேட்கிறான். இந்தப் போக்கில் பதினோரு குறைகளைச் சொல்லி, “பத்துக்கு மூணு. ஸ்தோத்திரம்” என்று முடித்தார். கேட்டவர்கள் சிரித்துத் தீர்த்தார்கள். முதலாளி தனசேகரன் பெருமை தாங்காமல் அந்தப் பதிவை வேலூர் வரைக்கும் ஊர் ஊராக அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை மகள் சாரா இட்லித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழுதாள்.

சாரா தனியார் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. போன ஆண்டு விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் ஒருவரும் அகப்படாமல், கடைசியில் வேலூர் வழியிலுள்ள கண்ணமங்கலத்துப் பிள்ளை என்று சார்லியை அழைத்திருந்தார்கள். கோப்பை கொடுக்க வந்தவன் சாராவின் எண்ணை வாங்கிக்கொண்டு போனான். விஷயம் முற்றி, வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் தாயாரோடு பெண் கேட்டு வருவதாக இருந்தது. அப்பாவிடம் எப்போது சொல்வது என்று நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லியிருந்தா எட்டு போட்டிருப்பேனேமா” என்றார் ஏசுதாஸ்.

“இன்னாங்க, உங்க வாய்க்கு ஒரு பூட்டு கெடைக்காதா?” என்றாள் மனைவி வனிதா. “பட்டுப் பொடவைய திட்டினா அது திருப்பிப் பேசாது. இது பெத்தவ இருக்கிற புள்ள. அந்தம்மா கேட்டுட்டு வேணாம்னு சொன்னா, உங்க பொண்ணு மொகத்துல எப்படி முழிப்பீங்க?”

ஏசுதாஸுக்கு அந்த வாரம் கடையில் எல்லாச் சேலையும் நன்றாகவே இருந்தது. ஒன்றிலும் குறை தெரியவில்லை. நெசவாளர்கள் பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

ஞாயிறு வந்தது, கண்ணமங்கலத்திலிருந்து காரும் வந்தது. சார்லியின் தாயார் அமலா, கரும்பும் நெல்லும் தனியாளாக நின்று பார்க்கிறவர். உட்கார்ந்தார். வனிதா கொண்டுவந்த காபியைத் தொடவில்லை.

“அண்ணே, காபி அப்புறம். மொதல்ல அந்தப் பத்துக்கு மூணுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

“அது வந்துங்க… அன்னிக்கு சளி. சரியா யோசிக்கல. இப்ப பாத்தா தாராளமா ஏழு போடலாம்.”

தாயாரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சார்லி நிமிர்ந்தான். “அங்கிள், போன வாரம் மூணு, இந்த வாரம் ஏழு. நடுவுல மேட்ச்சே நடக்கலையே.”

ஏசுதாஸ் மின்விசிறியைப் பார்த்தார். அது சரியாகச் சுற்றிக்கொண்டிருந்தது; அங்கேயும் பிழைப்புக்கு வழியில்லை.

“எங்க ஊர்ல டீக்கடைல போட்டுப் போட்டுக் கேக்கறாங்க” என்றார் அமலா. “கேப்டனுக்கு நாலாம், எம்புள்ளைக்கு மூணாம். பதினோரு கொற. விரல் விட்டு எண்ணிகினு இருந்தேன். பொண்ணு வூட்டு ஆளே இப்படிப் பேசினா, நாளைக்கு எம்புள்ள இந்த வூட்டு வாசப்படி எப்படி மிதிப்பான்?”

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் சாராவின் கொலுசுச் சத்தம் நின்றுபோனது. அப்போது வனிதா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அமலாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“அண்ணி, கேப்டனுக்கு இவரு எத்தினி கொற சொன்னாரு?”

அமலா யோசித்தார். “ஒண்ணு.”

“அந்த வெள்ளக்காரனுக்கு?”

“ஒண்ணுதான்.”

“அதான் சேதி. இவங்க கடைல பொடவைல கொற இருந்தா, அந்த எடத்துல சின்னதா ஒரு நூல முடிஞ்சு வுடுவாரு. நெசவுக்காரரு அதப் பாத்து சரி பண்ணிக் கொண்டாருவாரு. சரி பண்ண முடியும்னாத்தான் முடிச்சு. தேறாததுக்கு ஒரு முடிச்சும் கெடையாது, மடிச்சு அப்பால தள்ளிடுவாரு. பதினோரு முடிச்சு போட ஒரு பொடவை முன்னால எம்மாம் நேரம் நிக்கணும் தெரியுமா? கல்யாணத்தன்னிக்கு என்னைக்கூட இவரு அவ்ளோ நேரம் பாத்ததில்ல.”

இது அரைப்பொய்யோ முழு உண்மையோ என்று முதலில் குழம்பியவர் ஏசுதாஸ்தான். தன் பதிவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். கேப்டனை மடித்துத் தள்ளியிருந்தார். ஸ்ட்ரைக்கரை மடித்துத் தள்ளியிருந்தார். அந்தப் பையனிடம் மட்டும் கை தானாக நூலைத் தேடியிருக்கிறது. தன் தொழிலைத் தன் மனைவி சொல்லித் தெரிந்துகொண்ட நன்றியில் அவருக்குக் கண் பனித்தது. புழுதி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டு வருஷமா ஆடறேன் அங்கிள்” என்றான் சார்லி. “கோச்சு திட்டினா டீமுக்கே சேத்து மொத்தமா திட்டுவாரு. எனக்குன்னு தனியா ஒருத்தரும் திட்டினதில்ல. அந்தத் தப்புக் கால் விஷயம் நீங்க சொன்னப்புறம்தான் வீடியோ போட்டுப் பாத்தேன். ஆமா, நீட்டறேன். ரொம்ப தேங்க்ஸ்.”

அமலா காபியை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். “அப்படின்னா பன்னெண்டாவது நான் சொல்றேன், எழுதிக்கோங்க. சாப்ட்ட தட்ட எடுத்து வெக்க மாட்டான்.”

“நான் எடுக்க வெச்சுடறேன் அத்தை” என்ற குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. வீட்டில் சிரிப்பு எழுந்தது. சம்மதம் இப்படி ஒரு எச்சில் தட்டின்மேல் உறுதியானது.

பிறகு தேதி. லெந்து நோன்புக் காலத்தில் கல்யாணம் வைக்கப் போதகர் ஒப்பமாட்டார். மே மாதம் வெயில் ஆளைக் கொல்லும். ஈஸ்டர் முடிந்து ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை எல்லோருக்கும் பொருந்தி வந்தது. சார்லி மட்டும் தலையைச் சொறிந்தான்.

“அந்த வாரம் பிளே-ஆஃப் இருக்கு. மொதல் ஆறு எடத்துக்குள்ள வந்தா நான் ஆடணும்.”

அமலா டம்ளருக்குள் பார்த்தார். வனிதா கணவனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசுதாஸ் தன் வாழ்நாள் அனுபவத்தையெல்லாம் திரட்டி, கோல்கீப்பரை நினைத்தார். கேப்டனின் கையை நினைத்தார். பாவும் ஊடையும் சேராத அந்த நடுக்களத்தை நினைத்தார். பதின்மூன்றாம் இடத்தை விடாமல் காக்கும் அத்தனை பேர்மேலும் நெஞ்சு நிறைய நன்றி பொங்கியது.

“தம்பி, மண்டபத்துக்கு இன்னிக்கே சொல்லிடட்டுமா?”

சார்லி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

“சொல்லிடுங்க, மாமா.”