சுரங்கத்து ராணியை எழுதிய டீச்சர்

தூத்துக்குடியில் புது ஹார்பருக்குப் பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்திருந்த காலம். கிருபாபாய் டீச்சர் அப்போது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். சொந்த ஊர் நாசரேத். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால் பெரிய கதை எதுவும் கிடையாது. அப்பா போனார். தம்பிகளைப் படிக்க வைத்தாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டாள், அம்மாவும் போனாள். நிமிர்ந்து பார்த்தபோது பெண் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள். அவ்வளவுதான். ஒரு மனுஷியின் வாழ்க்கை கைநழுவிப் போவதற்கு வில்லன் எவனும் தேவையில்லை.

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வளவில் அவள் ஒற்றை அறையில் குடியிருந்தாள். நடுவில் கிணறு, சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகள். வளவுப் பெண்கள் அவளுக்கு மரியாதை கொடுத்தார்கள். அந்த மரியாதைதான் வினையே! டீச்சர் கிணற்றடிக்கு வந்தால் வழிவிடுவார்கள், பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பட்டென்று நிறுத்திவிடுவார்கள். "டீச்சர், முதல்ல நீங்க இறைச்சுக்கோங்க" என்பார்கள். அவள் இறைத்துக்கொண்டு போன பிறகு விட்ட இடத்திலிருந்து சிரிப்பு தொடரும். எதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்று தெரியாமலே அவள் வருஷக்கணக்காக அங்கே தண்ணீர் இறைத்தாள்.

அவளுக்கு ஒரு ரகசியம் இருந்தது. மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையில் 'சுரங்கத்து ராணி' என்ற தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. எழுதுகிறவர் பெயர் உப்பாற்றூரான் என்று போட்டிருக்கும். ஆண்பிள்ளைப் பெயர்தான். ஆனால் அந்த உப்பாற்றூரான் வேறு யாருமல்ல, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, பரீட்சைத் தாள் திருத்துகிறதாகப் பேர் பண்ணிக்கொண்டு எழுதிய நம்முடைய டீச்சர்தான். பள்ளிக்கூட மேனேஜருக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார். கதை அப்படிப்பட்ட கதை.

ஒன்பதாம் வகுப்புக்குக் கிரேக்க தேசம் பாடம் நடத்தும்போது, பூப்பறிக்கப் போன பெண்ணைப் பாதாள ராஜா தூக்கிக்கொண்டு போன கதையைப் பிள்ளைகளுக்கு அவள் நாலு வரியில் சொல்லி முடித்துவிடுவாள். அந்த நாலு வரிதான் அவளை விடவில்லை. பாதாள ராஜாவை இந்தக் காலத்துச் சுரங்க முதலாளி ஆக்கினாள். கறுத்த, வாட்டசாட்டமான, அதிகம் பேசாத ஆள். பெண்ணைத் தாமிரபரணிக் கரை வயல்காட்டுக்காரி ஆக்கினாள். தாய்க்காரி மகளைத் தேடி அலைகிறாள், வயல் தரிசாகக் கிடக்கிறது. கீழே சுரங்க மாளிகையில் அந்தப் பெண் அவன் கையிலிருந்து மாதுளை முத்துகளை எடுத்துத் தின்கிறாள். தின்றது மட்டுமா! அதற்குப் பிறகு டீச்சர் எழுதியதையெல்லாம் இங்கே சொல்ல எனக்கு வாய் வராது. பத்திரிகை விற்பனை கூடியது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை அவள் பத்திரிகையும் கையுமாக வரும்போது, பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் மறித்தாள். கருவாடு விற்கிறவள், நாலு பிள்ளை பெற்றவள், எழுத்து வாசனை கிடையாது.

"டீச்சர், இந்தப் படத்துல உள்ள குமரு யாரு? ஏன் இப்படித் தலைய விரிச்சுப் போட்டுருக்கா?"

டீச்சர் வாசற்படியிலேயே உட்கார்ந்து படித்துக் காட்டினாள். மறுவாரம் ஹில்டா வந்தாள். அவள் புருஷன் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் வேலை செய்கிறவன். சோழக்காற்று வீசும் மாதங்களில் தோணியைக் கரையில் ஏற்றிவிடுவார்கள், அப்போதுதான் அவன் வீட்டில் இருப்பான். அப்புறம் சண்முகவடிவும் வந்து சேர்ந்தாள். ஆழ்வார்திருநகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், புருஷன் உப்பளத்துக் கணக்கன். சனிக்கிழமை மத்தியானம் என்றால் டீச்சர் வீட்டில் கூட்டம் என்று ஆகிப்போனது. அவள் கடையில் முறுக்கு வாங்கி வைக்க ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமையே வீட்டைப் பெருக்கித் துடைத்து வைத்தாள். இப்படி ஒரு சந்தோஷம் அவள் வாழ்க்கையில் அதற்கு முன்பு வந்ததே இல்லை.

கதையின் தலைப்புக்குக் கீழே 'கிரேக்கப் புராணத்தைத் தழுவியது' என்று போட்டிருந்தது.

"கிரேக்கன்னா யாரு டீச்சர்?" என்று கேட்டாள் அந்தோணியம்மாள்.

"பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு நிருபம் எழுதினாருல்லா, அந்த ஜனங்கதான்."

"யாரு, பவுல்னா நம்ம சின்னப்பரா? அதான பார்த்தேன். இப்படி ஆட்டம் போட்டா, அவரு கடுதாசி மேல கடுதாசி எழுதிக் கண்டிக்காம என்ன செய்வாரு?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். சண்முகவடிவு தாய்க்காரி கட்சி. "பெத்த வயிறு எரிஞ்சா வயலு எப்படி விளையும்? அவன் கட்டையில போவ!" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்தோணியம்மாள் சுரங்க முதலாளி கட்சி. "நல்ல ஆம்பளளா அவன். ஒரு பேச்சு கூடுதலாப் பேசுதானா பாரு." ஹில்டா மட்டும் அந்தப் பெண்ணின் பக்கம். "மாதுளம்பழத்த அவளாத்தான் எடுத்துத் தின்னா. யாரும் வாயில ஊட்டிவிடல" என்பாள். எழுதியவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? உள்ளுக்குள் அவள் பூரித்துப்போனாள்.

ஆனால் ஒரு தப்புச் செய்தாள். எழுதும்போது வராத கூச்சம் வாய்விட்டுப் படிக்கும்போது வந்துவிட்டது. அவன் விளக்கைக் குறைத்தான் என்று வந்துவிட்டால் போதும், டீச்சரின் கண் அடுத்த பத்திக்குத் தாவும். "பொழுது விடிந்தது" என்று படித்துவிடுவாள். சுரங்கத்துக்குள்ளே பொழுது எங்கே விடியும்? அதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "விளக்கைக் குறைச்சாச்சா? அப்பம் விடிஞ்சிரும்" என்று அந்தோணியம்மாள் முணுமுணுத்தாள்.

ஹில்டா எட்டாவது வரை படித்தவள். ஒரு நாள் ஸ்டேஷன் புத்தகக் கடையில் அவளே ஒரு பத்திரிகை வாங்கினாள். டீச்சர் விழுங்கியதெல்லாம் என்னவென்று அன்றைக்கு வளவுக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த சனிக்கிழமை முறுக்குத் தட்டு அப்படியே இருந்தது, ஒருத்தரும் வரவில்லை. கூட்டம் ஹில்டா வீட்டுக்கு மாறிவிட்டது. கோபமா, வெறுப்பா என்றால் அதெல்லாம் ஒன்றுமில்லை. "பாவம், கல்யாணம் காட்சி பார்க்காதவிய. அவியள எதுக்குச் சங்கடப்படுத்தணும்?" என்று சண்முகவடிவு சொன்னது சுவர் வழியாக டீச்சர் காதில் விழுந்தது.

ஹில்டா வீட்டுக்கும் டீச்சர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். ஹில்டா எழுத்துக் கூட்டிப் படிப்பது இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது. டீச்சர் தான் எழுதிய வரிகளைச் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். அந்த இடம் வரும்போது அங்கே மூச்சுப் பேச்சு இருக்காது. அப்புறம் ஒருத்தி பெருமூச்சு விடுவாள், ஒருத்தி சிரிப்பாள். "எழுதினவன் லேசுப்பட்டவன் இல்லளா. பொம்பள மனசு என்ன, உடம்பு என்னன்னு அறிஞ்சவன். அவன் பொண்டாட்டி கொடுத்து வச்சவ" என்றாள் அந்தோணியம்மாள். கிருபாபாய்க்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று கதவுவரை போவாள், திரும்பி வந்துவிடுவாள்.

தொடர் முடிகிற வாரம் வந்தது. அந்தப் பெண் பாதி வருஷம் தாயிடமும் பாதி வருஷம் அவனிடமும் இருக்க வேண்டும் என்று முடிவாகி, மேலே ஏறிப் போகிறாள். ஹில்டா படித்து நிறுத்தினாள்.

"இவ்வளவுதானா?" இது சண்முகவடிவு. "அவ போன பொறவு அவன் என்ன செஞ்சான்னு சொல்லவேயில்லையே."

"சப்புனு முடிச்சுட்டானே, கட்டையில போறவன்!" என்றாள் அந்தோணியம்மாள்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. அதைத்தான் அவள் உயிரைக் கொடுத்து எழுதியிருந்தாள். இடம் போதாது என்று பத்திரிகைக்காரர்கள் வெட்டி எறிந்திருந்தார்கள். அவள் நேரே போய் ஹில்டா வீட்டு நிலைப்படியில் நின்றாள். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், மனப்பாடமாகச் சொன்னாள்.

"அவள் போன பிறகும் அவன் படுக்கையின் ஒரு பக்கத்தில்தான் படுத்தான். அந்தப் பக்கம் நைந்துபோனது, மறுபக்கம் புதுசாகவே இருந்தது. தூக்கத்தில் கை நீளும். நீண்ட கை வெறுமையில் விழும். பக்கத்தில் ஒரு உடம்பின் சூடு இருந்தால் எப்படி இருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது, அதனால் அது ஒவ்வொரு ராத்திரியும் நீண்டது."

ஹில்டா பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது இங்கன இல்லியே டீச்சர்."

"வெட்டிட்டாங்க."

"அப்பம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் எழுதினேன்" என்றாள் கிருபாபாய்.

சேசுவே! அந்தோணியம்மாள் வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்தாள். தன்னைத் தூற்றப்போகிறார்கள் என்றுதான் டீச்சர் நினைத்தாள். நடந்ததோ வேறு. அந்தோணியம்மாள் எழுந்து வந்து, அவள் கையைப் பிடித்து இழுத்து நடுவில் உட்கார வைத்தாள்.

"ஏ டீச்சரே! இத்தன நாளா ஊமை கணக்கா இருந்துட்டு! யாரு அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"ஆளு இல்லாம இப்படி எழுத வருமாக்கும்? நாங்க யாருட்டயும் மூச்சு விடமாட்டோம், சொல்லுங்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். அது போதாதா? ஆள் இருந்தது உறுதியாகிப்போனது. கப்பல்காரனா, வாத்தியாரா, சாத்தான்குளத்துப் பக்கமா, வேற்றுச் சாதியா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மறுநாள் அவள் கிணற்றடிக்கு வந்தபோது ஒருத்தியும் பேச்சை நிறுத்தவில்லை. "வாங்க டீச்சர், இதக் கேளுங்க" என்று அவளையும் சேர்த்துக்கொண்டு சிரித்தார்கள். மீன் குழம்பு வந்தது. பூ வந்தது, "வச்சுக்கோங்க, யாரு என்ன சொல்லப் போறா?" என்று சண்முகவடிவே தலையில் வைத்துவிட்டாள். இல்லாத ஒரு ஆளால் கிருபாபாய்க்கு வளவில் இடம் கிடைத்தது. அவள் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் சோழக்காற்று தொடங்கியது. தோணிகள் ஒவ்வொன்றாகக் கரை வந்தன. ஹில்டாவின் புருஷன் போன தோணியும் வந்தது, அவன் வரவில்லை. கொழும்பிலேயே ஒருத்தியோடு இருந்துவிட்டான் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். ஹில்டா யாரிடமும் அழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் டீச்சர் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"டீச்சர், அந்த ஆளு உங்கள விட்டுட்டுப் போனாருல்லா. அதுக்குப் பொறவு எப்படித் தாங்குனிய? எனக்குச் சொல்லுங்க. வேற யாருட்ட நான் கேப்பேன்?"

கிருபாபாய் என்ன சொல்வாள்? ஊர் கேட்டிருந்தால் ஒரு கதை கட்டியிருப்பாள், கட்டத் தெரியாதவளா என்ன? ஆனால் எதிரில் இருந்த முகம் கதை கேட்க வந்த முகமாக இல்லை.

"யாரும் விட்டுட்டுப் போகல ஹில்டா. யாரும் வரவே இல்ல."

"வெளையாடாதிய டீச்சர். படுக்கையில ஒரு பக்கம்னு சொன்னியளே."

"அது என் பாய்தான்" என்று அவள் மூலையைக் காட்டினாள். சுருட்டி வைத்த பாயின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருந்தது. "எப்படித் தாங்குறதுன்னு எனக்குத் தெரியாதும்மா. எனக்குன்னு ஒருத்தர் இருந்திருந்தால்ல, போனா தெரியும்."

ஹில்டா போய்ப் பாயின் கிழிந்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்து உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று டீச்சர் காத்திருந்தாள். ஹில்டா எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குரலை இறக்கிச் சொன்னாள்.

"இத மத்தவியகிட்டச் சொல்லிராதிய டீச்சர். என்னையச் சொல்லுதாளுக, 'பாவம் ஹில்டா'ன்னு. இந்த ஒரு வாரமாக் கேக்கேன். அதக் காதால கேக்க முடியல. உங்களையும் அப்படித்தான் சொல்லுவாளுக."

மறுநாள் காலையில் கிணற்றடியில் எல்லாரும் இருந்தார்கள். அந்தோணியம்மாள் வழக்கம்போல ஆரம்பித்தாள். "இன்னைக்காவது பேரச் சொல்லிருங்க டீச்சர். பேரு மட்டும்."

கிருபாபாய் ஹில்டாவைப் பார்த்தாள். ஹில்டா கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தாள், தலை நிமிரவில்லை.

"ஜெயசிங்" என்றாள் டீச்சர்.

"ஆ! இப்பம் எங்க இருக்காரு?"

"செத்துப் போயிட்டாரு."

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நடிப்பு இல்லை, சத்தியமாக நடிப்பு இல்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். பெண்கள் பதறிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தோணியம்மாள் அவளை மார்போடு சேர்த்து அணைத்தாள். மீன் வாடை அடித்த அந்தக் கை முதுகைத் தடவியது. தன்னை ஒருவர் இப்படி அணைத்து எத்தனை காலம் ஆயிற்று என்று கிருபாபாய் யோசித்துப் பார்த்தாள். அம்மாவைக் குளிப்பாட்டியபோது அம்மா சேர்த்துப் பிடித்துக்கொண்டதுதான் கடைசி. அவள் இன்னும் கொஞ்சம் அழுதாள்.