வெறுந்தண்ணீர்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு அச்சு என்று பெயர். ஒரே தண்ணீரை மூன்று தடவை சோதித்தாலும் மூன்று விடையும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்கும். மனிதருக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பது அவருக்குக் கைவந்த வேலை. சோதிக்க வேண்டிய நீரோடு கேனிலிருந்து கொஞ்சம் சுத்த நீரும், நிறம் காட்ட ஒரு மஞ்சள் மருந்தும் சேர்ப்பார். மேலேயிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார். மஞ்சள் நிறம் லேசாகச் சிவந்ததும் குழாயை மூடிவிடுவார். எவ்வளவு கரைசல் இறங்கியதோ, அதை வைத்து உப்பின் கணக்கு.

பக்கத்து மேசைக்கு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். வந்த அன்றே அவரை அண்ணா என்றாள். அவரும் தங்கச்சி என்றே கூப்பிட்டார். அவள் விடைகள் ஒன்று கூடும், ஒன்று குறையும். ஆனால் வேலையைத் தொடங்குமுன் ஒன்று செய்வாள். கேனிலிருக்கும் சுத்த நீரை மட்டும் எடுத்து, அதற்கும் கரைசலைச் சொட்டவிட்டுப் பார்ப்பாள். அதில் இறங்கிய அளவை விடையிலிருந்து கழித்துவிடுவாள். முறை என்னவோ அதுதான். நம்ம ஆள்தான் அதைத் தலைமுழுகிப் பல காலம் ஆயிற்று.

"வெறுந்தண்ணியில என்னம்மா தேடுற?" என்பார் அச்சு.

"அதுலயே ஏதாவது இருந்துட்டா, அண்ணா?"

"இத்தனை வருஷமா நான் பாக்கல. என்ன, குடி முழுகிப் போச்சா?"

கூடம் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள், பாவம்.

இருவர் விடையும் ஒத்துவரவில்லையே என்று ஒருநாள் மேலாளர் கேட்டார். அச்சு யோசிக்கவே இல்லை.

"அவ கை சரியில்ல சார். நிலையா நிக்காது."

அவள் தொட்டியருகே குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். சில நாளில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கும் அச்சு வயிறாரச் சாப்பிட்டார்.

பிறகு வெளியிலிருந்து ஒரு புட்டி வந்தது. அதில் எவ்வளவு உப்பு என்று அனுப்பியவர்களுக்கு முன்பே தெரியும்; கூடம் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கத்தான் அனுப்பியிருந்தார்கள். அச்சு சோதித்தார். மூன்று விடையும் அச்சு அசலாக ஒன்று. மூன்றும் தப்பு என்று பதில் வந்தது. உள்ளதைவிட எல்லாமே ஒரே அளவு கூடுதல். கரைசலை மாற்றினார், குழாயை மாற்றினார், புட்டியை அனுப்பியவர்களைத் திட்டித் தீர்த்தார். கடைசியில், யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வெறுந்தண்ணீரைக் குடுவையில் எடுத்தார்.

ஒரு சொட்டில் சிவந்திருக்க வேண்டும். சிவக்கவில்லை. இன்னும் விட்டார், இன்னும் விட்டார். நீரைச் சுத்தமாக்கும் இயந்திரம் எப்போதோ பழுதாகி, கேனிலேயே உப்பு இறங்கியிருந்தது. தானும் அவளும் முன்பு சோதித்த ஒரு தண்ணீருக்குத் தனக்கு வந்த விடையிலிருந்து அந்த அளவைக் கழித்துப் பார்த்தார். வந்த எண் அவளுடைய விடைகளின் நடுவில் போய் உட்கார்ந்தது. அவள் கை ஆடியதென்னவோ உண்மை. ஆனால் சரியான இடத்தைச் சுற்றியே ஆடியிருந்தது. இவர் கை அசையாமல் தப்பான இடத்தில் நின்றிருந்தது.

மேலாளரிடம் போய்ச் சொன்னார்.

"இப்ப சொல்லி என்ன? அந்த இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு" என்றார் மேலாளர்.

மாலையே அவள் வீட்டைத் தேடிப் போனார். அவள் மடியில் காய்ச்சலோடு குழந்தை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, "தப்பு என்னோடதும்மா. உன் கை நல்ல கை" என்றார்.

"விடுங்க அண்ணா. முதல்ல உக்காருங்க" என்றாள் அவள்.

குழந்தை இருமியது. மருந்துப் புட்டியும் அளவு போட்ட சின்ன மூடியும் அவள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. அவள் உள்ளே பார்த்து, "என்னங்க, கொஞ்சம் வாங்க, மருந்து ஊத்தணும்" என்று கணவனைக் கூப்பிட்டாள்.

"நீயே ஊத்தலாமேம்மா" என்றார் அச்சு.

"அளக்கிறதெல்லாம் அவர்தான் அண்ணா. குழந்தை விஷயம். என் கைய நம்பி ஊத்த எனக்குப் பயம்."

கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"இப்பதானேம்மா சொன்னேன்..."

"சொன்னீங்க அண்ணா" என்று தலையாட்டினாள். கணவன் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தான். அவள் மூடியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.