லண்டனில் நேற்றே பிறந்த வருஷம்

கோலியர்ஸ் வுட் வீட்டுக் குசினிச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. குட்மேய்ஸ் மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டையோடு சும்மா தந்தது. அதில் சித்திரை வருஷப் பிறப்பு நாளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருந்தேன். அன்று காலை பத்து மணிக்கு, பாங்கொக்கில், பதினேழு வருஷமாகக் காணாத என் தங்கச்சியைக் காணப் போகிறேன். தினமும் வேலைக்குப் போகுமுன் அந்த வட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் போவேன். மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும்.

நான் ஊருக்குப் போக முடியாது. என்னிடம் இருந்த அகதிப் பயணப் பத்திரம், இலங்கையைத் தவிர எந்த நாட்டுக்கும் போகலாம் என்றது. அவளுக்கு லண்டன் விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டது. சண்டை நின்று சமாதான காலம் வந்து ஊர்ப் பாதை திறந்ததும், உடுப்புக் கடை வைத்திருக்கும் சில பெண்களோடு பாங்கொக்குக்குச் சாமான் எடுக்கப் போவதாக அவள் போனில் சொன்னாள். எந்த ஹோட்டல் என்பது அங்கே இறங்கிய பிறகுதான் தெரியுமாம். போன் கார்ட்டில் ஒரு நிமிஷம்தான் மிச்சம் இருந்தது.

"வருஷப் பிறப்பண்டு காலமை பத்து மணிக்கு, ஆத்தங்கரையிலை, அந்தப் பெரிய கோபுரத்துக்கு நேர் எதிர்க்கரைப் படகுத்துறையிலை நிப்பன்," என்றேன். வழிகாட்டிப் புத்தகம் எனக்கு மனப்பாடம்.

"ஓம் அண்ணை. அண்டைக்குப் பின்னேரம் எங்களுக்குப் பிளேன். பிந்திப் போடாதையுங்கோ."

பிந்துவதா, நானா? பத்து மணிக்கு எட்டு மணிக்கே மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். அந்த நேரத்திலேயே படகுத்துறையின் இரும்புக் கம்பியில் கை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு வெயில். ஆனால் நகரமே நனைந்துகொண்டிருந்தது. அவர்களுக்கும் அன்று புதுவருஷம். வாளியாலும் குழாயாலும் போவோர் வருவோர் மேல் தண்ணீர் அடித்தார்கள். ஒரு கிழவர் என் இரண்டு கன்னத்திலும் வெள்ளை மாவைப் பூசிவிட்டுக் கும்பிட்டார். லண்டனில் பக்கத்து வீட்டுக்காரரோடு பத்து வருஷமாக வானிலை மட்டும் பேசிய எனக்கு, தலைகால் புரியாத சந்தோஷம்.

பத்து மணி ஆனது. பன்னிரண்டும் ஆனது. அக்கரையிலிருந்து வந்த ஒவ்வொரு படகையும் எட்டி எட்டிப் பார்த்தேன். பின்னேரம் ஐந்து மணிக்குத் துறையோரத்து மர வாங்கில் குந்திவிட்டேன்.

"போயிட்டாள்," என்றேன்.

மனைவி கைப்பையைத் திறந்தாள். என் வட்டம் போட்ட கலண்டர்த் தாளைக் கிழித்து, என்னைப் பகிடி பண்ணவென்றே கொண்டு வந்திருக்கிறாள். அடியில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தாள்.

"இஞ்சருங்கோ, இதிலை போட்டிருக்கிறது லண்டன் நேரம். வருஷம் பிறக்கிறது இரவு ஒன்பது மணிக்கு. ஊரிலை அப்ப நடுச்சாமம் தாண்டியிடும். தங்கச்சிக்கு வருஷம் நாளைக்குத்தான்."

அவளைக் கட்டிப் பிடித்தேன். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் வெளியிடத்தில் நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தரம். என் முட்டாள்தனத்துக்காக நான் அவ்வளவு மகிழ்ந்ததும் அன்றுதான்.

மறுநாள் ஏழு மணிக்கே இருவரும் போய் நின்றோம். மறுபடி நனைந்தேன், மறுபடி மாவு பூசினார்கள். என் கண் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு மெலிந்த பிள்ளையையே தேடிக்கொண்டிருந்தது. பத்து மணிப் படகிலிருந்து, கண்ணாடி போட்ட, கொஞ்சம் பருத்த ஒரு பெண், சொட்டச் சொட்ட நனைந்தபடி, ஒரு பிளாஸ்டிக் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். என் வெள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு விலகிப் போனாள். போன விதத்தில், இடது தோளைச் சற்றுத் தூக்கி நடந்ததில், எனக்குப் பிடிபட்டுவிட்டது.

"பிள்ளை," என்றேன்.

திரும்பினாள். நான் உளறினேன்.

"நேற்றும் வந்து நிண்டனான். லண்டனிலை வருஷம் நேற்றே பிறந்திட்டுது."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தாள். "பதினேழு வருஷம் பிந்தி வந்து, ஒரு நாள் முந்தி நிக்கிறியள் அண்ணை," என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அழுதேன். மாவு கரைந்து வாய்க்குள் போனது.

போத்தலை நீட்டினாள். மருத்துநீர். வருஷப் பிறப்பன்று குளிக்குமுன் வீட்டில் மூத்தவர் தலையில் வைத்துவிடுவது.

"ஐயரிட்டைச் சொல்லி முந்தியே காய்ச்சுவிச்சனான். அம்மா போன பிறகு எனக்கு வைக்க ஒருத்தரும் இல்லை. வைச்சு விடுங்கோ."

படகுத்துறையிலேயே தலையைக் குனிந்தாள். வைத்தேன். பாதி அவள் தோளில் கொட்டியது. சுற்றி நின்றவர்கள் இதையும் தங்கள் விளையாட்டு என்று நினைத்து எங்கள் மூன்று பேர் மேலும் வாளி வாளியாக ஊற்றினார்கள். மருத்துநீர் வைத்தால் குளிக்கத்தானே வேண்டும். குளித்தோம். அவளுடைய பிளேனுக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.