துஷ்யந்தி விற்ற பங்கு

துஷ்யந்தியின் இடது கையைக் கதவிடுக்கில் வைத்து அவள் கணவன் நிரோஷன் நெரித்தது அவளுடைய பங்குக் கணக்கின் இரகசிய இலக்கத்துக்காக. இரண்டு விரல்கள் முறியும்வரை அவள் சொல்லவில்லை. அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

தெரணியகலைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில், பால் வெட்டப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் கைபேசியில் சிங்களக் காணொளிகளைப் பார்த்துத்தான் பங்குச்சந்தையைக் கற்றாள். முதல் வருடம் ஒரு சதமும் போடவில்லை. எதை வாங்கலாம், எங்கே விற்கலாம் என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டு விலை போகிற போக்கைப் பார்ப்பாள். பெரும்பாலும் தவறிப் போகும். எங்கே தவறியது என்று தேடித் தேடியே ஒரு பழக்கம் படிந்தது. சந்தை மூடியதும் பங்குகளைச் சலிப்பாள். வாங்க ஆளில்லாதவற்றைத் தள்ளுவாள். ஐம்பது நாள் சராசரிக் கோட்டுக்குக் கீழே கிடப்பவற்றையும் தள்ளுவாள். தேறிய சிலவற்றின் வரைபடத்தை மட்டும் விரித்துப் பார்ப்பாள். விலையோடு கைமாறும் பங்குகளும் பெருகியிருந்தால்தான் கை வைப்பாள். எந்த விலைக்கு இறங்கினால் விற்பது என்பதை வாங்கும் முன்பே முடிவுசெய்துவிடுவாள். அந்த விலை வந்தபின் யோசனை கிடையாது.

நிரோஷன் இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் இறங்குகிறவன். கிழமை முடிவில் குடித்துவிட்டு வருவான். அடி அவளுக்குப் புதிதல்ல. ஆனால் கணக்கு விஷயம் தெரிந்த அந்த ஞாயிறு, குழியில் கூட வேலை செய்கிறவன் காதில் ஓதிய ஒரு ஹோட்டல் கம்பனியின் பெயரோடு வந்திருந்தான்.

"இருக்கிறதெல்லாம் அதுல போடு."

"அது விழுந்துகிட்டே இருக்குங்க. கோட்டுக்குக் கீழ கெடக்கு. வாங்க ஆளில்ல."

"நான் கோடு பாத்துத்தான் குழியில எறங்குறேனா?"

தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போனான். அதன் பிறகுதான் கதவு.

மறுநாள் சந்தை திறந்ததும் அவளுடைய பங்குகளையெல்லாம் அவனே விற்று, அந்த ஹோட்டல் பங்கை வாங்கினான். அவளுடைய கைபேசியையும் எடுத்துக்கொண்டு குழிக்குப் போய்விட்டான். தோட்டத்து மருந்துச்சாலையில் விரல்களுக்குக் கட்டுப்போட்டவரிடம், வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பிரேமலதாவின் கைபேசியில் விலையைப் பார்த்தபோது இறங்கிக்கொண்டிருந்தது. அவன் வாங்கியதுதான் என்றாலும், அதற்கும் ஒரு விற்கும் விலையை அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

புதன்கிழமை மத்தியானம் நிரோஷன் வந்தான். அவள் சோற்றுக்கு உலை வைத்திருந்தாள்.

"நீ வாய வச்ச. அதான் விழுது."

சுவரில் செருகியிருந்த பால்வெட்டுக் கத்தியை உருவினான். முதல் வெட்டு தோளில் இறங்கியது. இரண்டாவதற்கு அவன் கையை ஓங்கியபோது, அவள் வலது கையால் உலைப்பானையைத் தூக்கி அவன் முகத்தில் வீசினாள். அவன் போட்ட சத்தம் வரிசை வீடுகளான அந்த லயத்தின் கடைசி வீடுவரை கேட்டது. கத்தி ஒரு பக்கம், அவளுடைய கைபேசி ஒரு பக்கம் விழ, அவன் மண்ணில் உருண்டான்.

பிரேமலதா அவளை முச்சக்கரவண்டியில் ஏற்றினாள். தோளில் அழுத்திய சேலை நனைந்துகொண்டே வந்தது. துஷ்யந்தி மண்ணிலிருந்து எடுத்து வந்த கைபேசியைத் திறந்தாள். சந்தை மூட இன்னும் நேரம் இருந்தது. விலை அவள் குறித்த இடத்துக்கும் கீழே போயிருந்தது.

"இப்பவா அக்கா இது?"

"இப்பத்தான்."

திரையில் இரத்தம் ஒட்டி விரல் வழுக்கியது. பாவாடையில் துடைத்துவிட்டு, கிடைத்த விலைக்கு முழுவதையும் விற்றாள். பாதி போயிருந்தது. மிச்சம் பாதி தப்பியது.

ஆஸ்பத்திரியில் பெண் பொலிஸ் வந்து விசாரித்தபோது அவள் விழுந்ததாகச் சொல்லவில்லை. கத்தி, கதவு, அதற்கு முந்திய அடிகள், தான் வீசிய கொதிநீர், எல்லாவற்றையும் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னாள். நிரோஷனுக்கு ஒரு கண் போயிற்று. அவன்மேல் போட்ட வழக்கு நாளன்று நீதிமன்ற வாசலில் அவனுடைய தாய் மூக்காயி அவள் முகத்தில் துப்பினாள்.

"எம்புள்ள கண்ண அவிச்சிட்டியேடி."

துஷ்யந்தி முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வருத்தம் இருந்ததா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவன் போட்ட அந்தச் சத்தம் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

இப்போது யட்டியாந்தோட்டைக் கடைவீதிக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறாள்; தையற்கடையில் வேலை. மறுபடியும் ஒரு சதமும் போடாமல் மனதுக்குள் வாங்கி மனதுக்குள் விற்கிறாள். வரைபடத்தில் விலை இறங்கும் சிவப்புக் கட்டம் நீளமாக விழும் நாளில் இன்னும் திரையை மூடிவிடுகிறாள். மூடாமல் பார்க்கிற நாள் வந்தபின் காசு போடுவதாகப் பிரேமலதாவிடம் சொல்லியிருக்கிறாள்.