மூன்றாவது ஓலைக்கு முன்

ஜீவமணி நர்சம்மாவுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. நாசரேத்து மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகள். இருபத்திரண்டு வருஷம் இந்தக் கடற்கரைக் குப்பங்களில் பிரசவம் பார்த்தவர். வலியில் கிடக்கும் பெண்ணிடம் மற்ற நர்சுகள் "கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி" என்பார்கள். இந்த அம்மா, "ஏளா, வாயால கத்தாத, வயித்தால முக்கு" என்று அதட்டுவார். ஆனாலும் குப்பத்துப் பெண்கள் அவர்தான் வேண்டும் என்பார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டால் அதட்டியதை யார் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏனென்று கேட்டால், "ஊருப் பிள்ளையெல்லாம் நான் எடுத்ததுதான், தனியா வேற ஒண்ணு எதுக்கு?" என்பார். ஓய்வுபெற்று ஆத்தூரில் என் எதிர்வீட்டுக்குக் குடிவந்தார். நான் பேச்சிமுத்து, போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவன். எனக்கும் கோபம் மூக்குக்கு மேல்தான். அதனால் நாளுக்கு ஒரு சண்டை. அவர் வீட்டு முருங்கைக் கிளை, என் வீட்டு ரேடியோ, ஒன்றும் கிடைக்காவிட்டால் சாமி. "உமக்கு மொத்தம் எத்தன சாமிவே?" என்பார். "உங்களுக்கு ஒத்தச் சாமி இருந்தே இவ்வளவு கோவம் வருதே" என்பேன். சாயங்காலக் காபியை மட்டும் தவறாமல் ஒன்றாகக் குடிப்போம்.

1977, மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குடையால் என் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். பின்னால் அழுது வீங்கிய கண்ணோடு ஒரு பெண்.

"ஏட்டையா, இந்தப் பிள்ள யாருன்னு தெரியுதா?"

தெரியவில்லை.

"சங்குமுனை மரியான் மக. பேரு ரோஸ். நான் எடுத்த பிள்ள."

கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மரியான் என்ற பெயரைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதை வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

புன்னைக்காயலுக்குத் தெற்கே சங்குமுனை என்று ஒரு சின்னக் குப்பம். 1958 முத்துக்குளிப்பில் அந்த ஊர்க்காரர்கள் வழக்கம்போலக் கடைசி நாளில் ஒரு முங்கு மாதாவுக்கென்று முங்கினார்கள். அந்தச் சிப்பியில் ஒரு முத்து வந்தது, கொண்டைக்கடலை அளவில். மாதா கிரீடத்தில் வைக்க வேண்டும், திருவிழா முடிந்ததும் பொன் ஆசாரியை வரச்சொல்லலாம் என்று பேச்சு. அந்த வருஷந்தான் மரியான் கோயில்பிள்ளையாக, மணியடித்துப் பீடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்திருந்தான். முத்து அவன் பொறுப்பில் இருந்தது. திருவிழாக் காலையில் அவனே ஓடிவந்து, முத்தைக் காணோம் என்று கத்தினான்.

நான் அப்போது கான்ஸ்டபிள். கள்ளன்தான் முதலில் கூவுவான் என்று பெரிய மேதாவிபோலச் சொல்லி, அவனை இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் வைத்திருந்து அடித்தேன். நான்தான் அடித்தேன். முத்து கிடைக்கவில்லை, சாட்சியும் இல்லை, விட்டுவிட்டார்கள். கோயில் வேலை போனது. அன்றிலிருந்து அவனுக்கு ஊரில் 'முத்துக்கள்ளன்' என்று பெயர். வழியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"இப்ப என்ன?" என்றேன்.

"இவளுக்கு ஆலந்தலையில மாப்பிள்ள பாத்திருக்கு. கோயில்ல கல்யாண அறிவிப்பு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. வாற ஞாயித்துக்கிழம மூணாவது ஓலை. அதுக்குள்ள எவனோ புண்ணியவான் மாப்பிள்ளைக்குத் தகப்பன் வில்பிரட்டு காதுல முத்துக் கதைய ஓதிட்டான். 'அந்த முத்து எங்க போச்சுன்னு சொல்லட்டும், இல்லேன்னா மூணாவது ஓலை கிடையாது'ன்னு சொல்லிட்டாராம்."

ரோஸ் மெதுவாகச் சொன்னாள். "அப்பா ரெண்டு நாளா சாப்பிடல ஐயா. கல்யாணம் நின்னாக்கூட பரவாயில்ல. அப்பா கடல்லகிடல்ல போயி விழுந்துருவாங்களோன்னு பயமா இருக்கு."

"கேட்டேராவே?" என்றார் நர்சம்மா. "முடிச்சுப் போட்டது நீரு. அவுக்கவும் வாரும்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்கு இரண்டும் என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றன. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மரியான் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். நர்சம்மா மணலில் அவன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"ஏலே மரியான், அந்த ஆளப் பாக்காண்டாம், என்னப் பாத்துச் சொல்லு. முத்த எங்கன வச்சே?"

"போலீசுல ஆயிரந்தடவ சொல்லியாச்சும்மா. முத்துக்குளிப்புக்கு வெளியூர்க் கூட்டம் வந்து கிடக்கு, கோயில் பெட்டிக்குப் பூட்டு சரியில்ல. மாதா மேல இருக்கிற நீலப் போர்வையில, பொன் சரிகை தச்சிருக்கிற ஓரத்துல, வலது மூலையில துணி மடிப்புல கொஞ்சம் தையல் விட்டிருந்துச்சு. பஞ்சுல சுத்தி உள்ள தள்ளிவிட்டேன். பத்திரமா இருக்கும்னுதான். நாலாம் நாள் திருவிழா. அதே சரிகை, அதே மூலை, தடவிப் பாக்கேன், இல்ல." வலையைக் கீழே போட்டான். "மாதாதான் எடுத்துக்கிட்டாளோ என்னமோ."

ஒரு வார்த்தை மாறவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் என்னிடம் அடிவாங்கிக்கொண்டு சொன்னதும் இதேதான். பொய் சொல்கிறவன் இத்தனை வருஷத்தில் ஒரு இடத்திலாவது பிசகுவான்.

"போர்வைய தைக்கிறது யாரு?" என்று கேட்டார் நர்சம்மா.

சலேத்தம்மாள் என்றான். மாதாவுக்கு உடுத்தி மாற்றுகிற பெண்களில் மூத்தவள். அவள் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் மருமகளுக்கு வலி கண்டிருந்தது.

"மரியான் முத்தப் போர்வையில சரிகை ஓரத்துல வச்சானாம். ஐம்பத்தெட்டுத் திருவிழாவுக்குப் போர்வையில என்னளா செஞ்சிய?" என்றார் நர்சம்மா, எடுத்த எடுப்பில்.

"அந்த வருஷம் குளிப்புல நல்ல வரும்படி. ஊர்ல புதுத் துணி எடுத்தாவ. பழச கழத்திட்டுப் புதுச போட்டோம்."

"சரிகை?"

"சரிகை ஏது புதுசு? எங்க பாட்டி காலத்துச் சரிகைல்லா அது. பழசுல இருந்து பிரிச்சுப் புதுசுல தச்சோம், திருவிழாவுக்கு முந்தின நாளு. பழைய துணி மடிப்புல விட்டிருந்த தையலையும் போட்டு அடச்சோம்."

நான் குறுக்கிட்டேன். "போர்வை மாறினது மரியானுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? மாதாவுக்கு உடுத்தி மாத்துதோம், கதவு சாத்தியிருக்கும், ஆம்பள வரப்பிடாது. அவனுக்கு அதான் மொத வருஷம். ரெண்டும் ஒரே நீலம்."

"இத ஏன் போலீசுல சொல்லல?"

சலேத்தம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்ககிட்ட எவன் கேட்டான்? சரிகை ஓரத்துல வச்சேன்னு அவன் உங்ககிட்டதானே சொன்னான்? அதுக்கப்புறம் அவன்கூட ஊர்ல யாரு பேசினா? எங்க காதுக்கு அது வரவே இல்லையே."

உண்மை. கோயில் சாமியாரை விசாரித்தேன், தோணி முதலாளி சம்மாட்டியை விசாரித்தேன், தோணிக்காரர்கள் பாதிப்பேரை விசாரித்தேன். ஒரு பொம்பளையைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்த மூளைக்குத்தான் சர்க்கார் எனக்கு ஏட்டுப் பதவி கொடுத்தது.

"பழைய போர்வை எங்க?" என்றேன்.

பதில் நர்சம்மாவிடமிருந்து வந்தது. "ஏட்டையா, அது எனக்குத் தெரியும். இந்த ஊர்ல எந்தப் பிரசவத்துக்குப் போனாலும் அந்தத் துணி வரும். வயித்து மேல போடுவாளுவ. மந்திரித்த துணி, சோப்பு போடப்பிடாது, ஊசி படப்பிடாது, வெயில்ல மட்டும் காய வைக்கணும். நான் எத்தன திட்டு திட்டியிருக்கேன்! மூலையில புளியங்கொட்ட கணக்கா ஒரு கட்டி உண்டு. மாதா உருவம் போட்ட சுருபம் எதையோ வச்சுத் தச்சிருக்காளுவன்னு நெனச்சேன். வலி வந்தா எல்லாவளும் அதத்தான் புடிப்பாளுவ."

"இப்ப அது எங்கனம்மா?"

உள்ளேயிருந்து மருமகள் கத்தினாள். சலேத்தம்மாள் கதவைக் காட்டினாள். "அவ மேலதான் கிடக்கு. பிள்ள பிறக்காம எடுக்க விடமாட்டேன். எடுத்தா ஆகாது."

நர்சம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையைக் கழுவத் தண்ணீர் கேட்டு உள்ளே போனார். ஓய்வுபெற்று ஐந்து வருஷம். அதட்டல் மட்டும் ஓய்வுபெறவில்லை. நான் வேப்பமரத்தடியில் நின்றேன். மரியானும் அவன் பெண்டாட்டி மிக்கேலம்மாளும் ரோசும் வந்து சேர்ந்தார்கள். செய்தி எட்டி, இப்போதுள்ள சாமியாரும் வந்தார். என் உத்தியோகத்தில் எத்தனையோ தடவை காத்துக்கிடந்திருக்கிறேன். அந்த மத்தியானம்போல எந்த நாளும் நீண்டதில்லை.

மூன்று மணிக்குக் குழந்தை அழுதது. ஆண் பிள்ளை. நர்சம்மா வேர்த்து விறுவிறுத்து, நீலத் துணியோடு வெளியே வந்தார். "மூலைய விடமாட்டேன்னுட்டா. விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு வாங்க வேண்டியதாப் போச்சு" என்றார்.

நர்சம்மா கையில் கத்தரிக்கோலைக் கண்டதும் சலேத்தம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டாள். "ஐயோ, மந்திரித்த துணிம்மா!"

"நான் சி.எஸ்.ஐ., உங்க கோயில் இல்ல. அந்தப் பாவம் எனக்கு ஒட்டாது" என்று சொல்லிவிட்டு, தையலில் ஒரு வெட்டு வெட்டினார்.

பழுப்பேறின பஞ்சு வந்தது. பஞ்சைப் பிரித்ததும் முத்து அவர் உள்ளங்கையில் உருண்டது. கொஞ்சம் மஞ்சளடித்திருந்தது. மற்றபடி ஒரு குறையுமில்லை. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது, வந்த மூச்சிலேயே அழுகையும் வந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான், ஊரே அலைந்திருக்கிறது.

மரியான் முத்தைத் தொடவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். மிக்கேலம்மாள்தான் கிட்டே வந்து, அந்தத் துணியின் மூலையைத் தடவினாள்.

"நர்சம்மா, ரோசு பிறந்தன்னைக்கு..."

"ஆமாளா. திருவிழாவன்னைக்குச் சாயங்காலம். இவன ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன அதிர்ச்சியில உனக்கு வலி கண்டுபோச்சு. இந்தத் துணிக்கு மொதப் பிரசவம் உனக்குத்தான்."

"இந்த மூலையத்தான் புடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். சுருபம்னு நெனச்சு முத்தங்கூடக் கொடுத்தேன். மாதாவே, எம் புருசன் களவாங்கல, நீயே கேளுன்னு." அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. ரோஸ் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அங்கே ஸ்டேஷனில் நான் 'எங்கேடா முத்து' என்று அவனை அடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், முத்து அவன் பெண்டாட்டி கைக்குள் இருந்திருக்கிறது.

வியாழக்கிழமை வில்பிரட் நேரில் வந்து முத்தைப் பார்த்தார். மரியான் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, மனசுல வச்சுக்கிடாதியும்" என்றார். அதோடு கல்யாணக் காரியம் சரியாகிவிட்டது. என் காரியம் சரியாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்குமுனைக் கோயிலுக்குப் போய்க் கடைசியில் நின்றேன். நர்சம்மாவும் வந்தார், முழங்கால் போடமாட்டேன் என்று முறைத்துக்கொண்டு. சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். நான் கையைத் தூக்கினேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. ரோசின் முகம் வெளிறிவிட்டது. "ஏட்டையா, உமக்குக் கிறுக்கா? இறக்கும்வே கைய!" என்று நர்சம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தடை ஒண்ணுமில்ல சாமி" என்றேன். "பத்தொம்பது வருஷத்துக்கு முந்தி இந்த ஊர் நடுவுல வச்சு மரியானக் கள்ளன்னு சொன்னது நான்தான். அடிச்சதும் நான்தான். அவன் கள்ளன் இல்ல. அதயும் ஊர் நடுவுல சொல்லணும்லா, அதான் சொல்லுதேன்."

பூசை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். யாரோ முன்னால் வந்து நின்றார்கள். மரியான். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க மீன் திம்பியளா?" என்றான்.

"திம்பேன்" என்றேன்.

"அப்ப வாங்க. வீட்டுல சோறு ஆயிருக்கும்."

போனேன். இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.